நண்பரோடு ஒரு பொழுது: மே நாள் விடுமுறையும் நகர உலாவும்

தோற்றுவாய்



வரலாறு என்றவுடன் போர்களையும் ஆட்சி மாற்றங்களையும் ஒப்பந்தங்களையும் எண்ணுவது நம் வழக்கம். ஒரு விடுமுறை நாளில் நண்பர்கள் நால்வர் கூடி நகருக்குள் உலாவப் போவதற்கு வரலாறு உண்டா என்று கேட்டால் பலரும் புன்னகை செய்வர். ஆயினும் அத்தகைய எளிய இன்பத்திற்கும் நெடிய வரலாறு உண்டு. அதில் சட்டங்கள் உள்ளன, வேலைநிறுத்தங்கள் உள்ளன, இழப்புகளும் உள்ளன. அவ்வரலாற்றில் தமிழர் வேடிக்கை பார்த்தவர்களாக மட்டும் இருந்ததில்லை. அதனை உருவாக்கியோருள் அவர்களும் அடங்குவர்.

இவ்வுரைக்கு நாம் எடுத்துக்கொள்ளும் நாள் மே முதல் நாள். சிங்கப்பூருக்குக் கோடை என்று தனிப் பருவம் இல்லையெனினும், ஆண்டிலேயே வெப்பம் மிகுந்த மாதங்களுள் ஒன்று மே. தமிழ்நாட்டிலோ அது கத்திரி வெயிலை எதிர்நோக்கும் காலம். இந்நாள் எச்சமயத்தையும் சார்ந்ததன்று. கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ தேவாலயத்திற்கோ போக வேண்டிய கடமை எதனையும் அது விதிப்பதில்லை. ஆகவே இளையோருக்கு அது நண்பரோடு வெளியே செல்லும் நாளாகவே பெரிதும் அமைந்துவிட்டது.

ஒருவர் தம் நண்பரோடு ஒரு பகற்பொழுதை நகரில் கழிக்க மூன்று வேண்டும். முதலாவது பொழுது: அந்நாள் அவருக்கு உரியதாக இருத்தல் வேண்டும். இரண்டாவது பொருள்: அந்நாளின் ஊதியம் அவருக்குக் குறையாதிருத்தல் வேண்டும். மூன்றாவது போக்கு: எங்குச் செல்லலாம், யாரோடு சேரலாம் என்பதில் தடையின்மை வேண்டும். இம்மூன்றனுள் ஒன்று குறைந்தாலும் விடுமுறை பெயரளவிற்கே நிற்கும். இவை மூன்றும் எவ்வாறு, எவருக்கு, எப்போது கிட்டின என்பதே இவ்வுரையின் பொருள்.

விழாவும் விடுமுறையும்

பண்டைத் தமிழ் இலக்கியத்தில் விழா உண்டு. விடுமுறை என்னும் கருத்து இல்லை. சிலப்பதிகாரமும் மணிமேகலையும் பேசும் இந்திர விழா 28 நாட்கள் நீடித்தது. விழா முடிவில் கோவலனும் மாதவியும் புகார் நகரின் கடற்கரைக்குச் சென்ற செய்தியை நாம் வகுப்பறையில் கற்பிக்கிறோம். பரிபாடலில் வையையில் புதுப்புனல் வரும்போது மதுரை மக்கள் திரண்டு சென்று நீராடும் காட்சி விரிகிறது. நகரத்தார் கூட்டமாக வெளியே சென்று பொழுது போக்குதல் தமிழர்க்குப் புதிதன்று என்பதற்கு இவை போதிய சான்று.

எனினும் ஒரு வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. விழாவிற்கு நாள் குறித்தது வானமும் ஆறும் கோயிலும். விடுமுறைக்கு நாள் குறிப்பது அரசும் முதலாளியும். கடிகாரத்தாலும் சங்கொலியாலும் அளக்கப்படும் வேலை தோன்றிய பின்னரே, அவ்வேலையிலிருந்து விடுபடும் முறை என்ற பொருளில் விடுமுறை தோன்றியது.

வெளியே சென்று உலாவுவதைக் குறிக்க நம் மூதாதையர் கையாண்ட தொடர் 'காற்று வாங்குதல்'. மலாய் மொழியில் அதே பொருளில் 'மக்கான் ஆங்கின்' என்பர். காற்றை உண்ணுதல் என்பது அதன் நேர்ப்பொருள். ஹொக்கியன் சீனரும் இங்கு 'சியாக் ஹோங்' என்று, காற்றை உண்பதாகவே சொல்வர். தமிழர் காற்றை வாங்கினர். மலாயரும் சீனரும் அதனை உண்டனர். மூன்று மொழியினரும் ஒரே கடற்கரையில், ஒரே மாலைக் காற்றில், அருகருகே நடந்தவர்கள் என்பதற்கு இத்தொடர்களே சாட்சி. இத்தகைய சொற்களை மாணவர்க்கு எடுத்துக்காட்டுவது மொழிப்பாடத்தையும் வரலாற்றுப் பாடத்தையும் ஒருசேர நடத்துவதாகும்.

சட்டம் தந்த விடுமுறை

கோடைக்காலத்தில் சமயச் சார்பற்ற ஒரு விடுமுறையைச் சட்டத்தால் வழங்கிய தொடக்கக் காட்டுகளுள் முதன்மையானது 1871ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நிறைவேறிய வங்கி விடுமுறைச் சட்டம். சர் ஜான் லபக் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர் அதனைக் கொண்டுவந்தார். ஈஸ்டர் திங்கள், விட்சன் திங்கள், ஆகஸ்ட் மாத முதல் திங்கள், கிறிஸ்துமசுக்கு மறுநாள் ஆகிய நான்கும் இங்கிலாந்தின் வங்கி விடுமுறைகள் ஆயின. இவற்றுள் ஆகஸ்ட் திங்கள் மட்டும் எந்தச் சமய விழாவோடும் தொடர்பற்றது. வங்கிகளுக்கென இயற்றப்பட்ட அச்சட்டத்தின் பயனைப் பிற தொழிலாளரும் காலப்போக்கில் பெற்றனர். இலண்டன் மக்கள் அந்நாளில் ரயிலேறிக் கடற்கரை ஊர்களுக்கும் ஹாம்ஸ்டட் மேட்டுக்கும் திரளாகச் சென்றனர்.

இவ்விடுமுறை மேலிருந்து வழங்கப்பட்டது. மே நாளோ கீழிருந்து எழுந்தது. 1886ஆம் ஆண்டு மே முதல் நாள் எட்டு மணிநேர வேலைநாளைக் கோரி அமெரிக்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சில நாட்களில் சிகாகோ நகரின் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் குண்டு வெடித்தது. அதன் தொடர்பில் தொழிலாளர் தலைவர்கள் தூக்கிலிடப்பட்டனர். 1889இல் பாரிசில் கூடிய அனைத்துலகத் தொழிலாளர் மாநாடு மே முதல் நாளை உலகெங்கும் கடைப்பிடிக்க முடிவு செய்தது. எட்டு மணி உழைப்பு, எட்டு மணி உறக்கம், எஞ்சிய எட்டு மணி தமக்கென என்பதே அவர்களின் கோரிக்கைச் சுருக்கம். அந்த மூன்றாவது எட்டு மணியில்தான் நட்பும் கல்வியும் கலையும் உலாவும் அடங்கும்.

இந்தியாவில் முதன்முதலாக மே நாள் கொண்டாடப்பட்ட இடம் சென்னை. 1923ஆம் ஆண்டு மே முதல் நாள் சிந்தனைச் சிற்பி ம. சிங்காரவேலர் சென்னைக் கடற்கரைப் பகுதியில் இரண்டு கூட்டங்களை நடத்தினார். ஒன்று உயர்நீதிமன்றத்திற்கு எதிரே, மற்றொன்று திருவல்லிக்கேணியில். மாலையில் காற்று வாங்க மக்கள் கூடும் கடற்கரையே தொழிலாளர் உரிமை பேசும் களமாகவும் ஆனமை கருதத்தக்கது. இன்று மெரினாவில் நிற்கும், தேவிபிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை அத்தொடர்பை நினைவூட்டுகிறது.

தோட்டமும் வெளியுலகும்

அதே காலத்தில் மலாயாவில் தமிழரின் நிலை யாது? பெரும்பான்மையோர் ரப்பர் தோட்டங்களில் லயங்களில் வாழ்ந்தனர். தோட்டம் ஒரு தனி உலகம். வேலையும் வீடும் கடையும் கள்ளுக்கடையும் அதன் எல்லைக்குள்ளேயே அமைந்தன. ஓய்வு கிட்டிய நாளிலும் அவ்வெல்லையைக் கடந்து செல்வது எளிதன்று. நகரத்தில் தமிழர் நகராண்மைப் பணியிலும் துறைமுகத்திலும் ரயில்வேயிலும் சாலை அமைப்பிலும் உழைத்தனர். அவர்களுக்கு நகரம் கண்முன் இருந்தது. தோட்டத்தாருக்கு அது பேருந்துப் பயணத் தொலைவில் இருந்தும் எட்டாததாயிற்று.

1941ஆம் ஆண்டில் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தங்கள் மலாயா வரலாற்றில் தனியிடம் பெற்றவை. சீனத் தொழிலாளருக்கு இணையான ஊதியம் அவர்களின் முதன்மைக் கோரிக்கை. அதனோடு அவர்கள் முன்வைத்த பிற கோரிக்கைகளை நாம் ஊன்றிப் படித்தல் வேண்டும். பத்து, பன்னிரண்டு மணிநேர வேலைநாளை ஒழிக்க வேண்டும் என்றனர். கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றனர். உறவினரும் நண்பரும் தோட்டத்திற்குள் தடையின்றி வந்துபோக இசைவு வேண்டும் என்றனர். துரைமார்களையும் கிராணிகளையும் எதிர்ப்படும்போது மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டிய வழக்கம் நீங்க வேண்டும் என்றனர்.

கூலி உயர்வைக் கேட்ட அதே மூச்சில், மிதிவண்டியில் தலைநிமிர்ந்து செல்லும் உரிமையையும் நண்பர் வந்து காணும் உரிமையையும் அவர்கள் கேட்டனர். பொழுது, பொருள், போக்கு என நாம் தொடக்கத்தில் வகுத்த மூன்றும் அக்கோரிக்கைப் பட்டியலில் உள்ளன. அவற்றை அவர்கள் கேட்டது ஆய்வு நூல்களைப் படித்தன்று; நாள்தோறும் பட்டறிந்த இழிவிலிருந்தே கேட்டனர். அவ்வேலைநிறுத்தம் அடக்கப்பட்டது. தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். இவையெல்லாம் நிகழ்ந்த மாதம் மே என்பதையும் இங்குக் குறித்துக்கொள்வோம்.

மூன்று உலகங்கள்

சிங்கப்பூர் நகரில் விடுமுறை இன்பம் வெகுமக்களுக்கு உரியதாக மாறியதில் கேளிக்கைப் பூங்காக்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அதற்கு முன் நகரின் பொழுதுபோக்கு இடங்கள் பலவும் இனத்தால் வேலியிடப்பட்டவை. பாடாங் திடலின் ஒரு முனையில் 1852இல் தோன்றிய ஐரோப்பியரின் கிரிக்கெட் கழகம். மறுமுனையில் 1883இல் தோன்றிய யுரேசியரின் பொழுதுபோக்குக் கழகம். ஏனையோர் திடலின் விளிம்பில் நின்று பார்த்தனர்.

1923ஆம் ஆண்டு ஜாலான் புசாரில் ஓங் பூன் டாட், ஓங் பெங் ஹோக் என்னும் உடன்பிறப்புகள் 'நியூ வேர்ல்டு' பூங்காவைத் திறந்தனர். 1931இல் கிம் செங் சாலையில் 'கிரேட் வேர்ல்டு' தோன்றியது. 1930களின் பிற்பகுதியில் கேலாங்கில் 'ஹேப்பி வேர்ல்டு' அமைந்தது. அதுவே 1960களில் 'கே வேர்ல்டு' எனப் பெயர் மாறியது. மக்கள் இவற்றை மூன்று உலகங்கள் என்றே அழைத்தனர். ஷா சகோதரர்களின் நிறுவனம் பின்னர் இத்தொழிலில் முதன்மை பெற்றது.

சிறு நுழைவுக் கட்டணம் செலுத்தினால் உள்ளே ஓர் ஊரே இருந்தது. மலாய் பங்சாவான் நாடகமும் சீன இசை நாடகமும் அருகருகே நடந்தன. திரையரங்கு, நடன மண்டபம், இராட்டினம், பேய் வீடு, உணவுக் கடைகள், குத்துச்சண்டை, மல்யுத்தம் எனப் பலவும் ஒரே வளாகத்தில் இருந்தன. பின்னாளில் இந்தியத் திரையுலகில் புகழ்பெற்ற தாரா சிங் 1940களின் இறுதியில் மல்யுத்த வீரராகச் சிங்கப்பூரில் தம் தொழிலைத் தொடங்கியவர். 1952, 1955ஆம் ஆண்டுகளில் மலாயா அணி தாமஸ் கிண்ணப் பூப்பந்து வெற்றியைத் தக்கவைத்ததும் சிங்கப்பூரில்தான்.

நியூ வேர்ல்டு பூங்கா சிராங்கூன் சாலைக்கு அண்மையில் அமைந்தமையால் அது தமிழரின் நடைத்தொலைவில் இருந்தது. பணி முடிந்த தொழிலாளி குளித்து வேட்டியோ காற்சட்டையோ அணிந்து நண்பரோடு நடந்தே போய்வரலாம். ஏனைய இடங்களுக்குச் செல்ல 1927 வரை டிராம் வண்டியும், 1926 முதல் 1962 வரை மின்கம்பி வழி ஓடிய டிராலி பேருந்தும் இருந்தன.

இப்பூங்காக்களை முற்றிலும் புகழ்ந்துரைப்பதும் முறையன்று. ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் இவை சூதாட்டக் கூடங்களாகப் பயன்பட்டன. மாதக் கூலியை ஓரிரவில் இழந்தோரும் இருந்தனர். பெண்கள் தனித்தோ தோழியரோடோ அங்குச் செல்வதைச் சமூகம் எளிதில் ஏற்கவில்லை. நண்பரோடு உலாவுதல் நெடுங்காலம் ஆடவரின் உரிமையாகவே இருந்தது. இருப்பினும், ஒரே வாயில் வழியாக நான்கு இனத்தாரும் நுழைந்து, ஒருவர் கலையை மற்றவர் கண்ட இடம் அக்காலத்தில் அரிது. அந்த வகையில் மூன்று உலகங்களும் நம் பன்முகச் சமுதாயத்தின் தொடக்கப் பள்ளிகளுள் சேரும்.

மே நாள் விடுமுறை ஆனது

போருக்குப் பின் சிங்கப்பூர்த் தொழிலாளரின் குரல் ஓங்கியது. 1946இல் துறைமுகத் தொழிலாளரும், 1952 மே மாதத்தில் அஞ்சல்காரர்களும், அவ்வாண்டின் இறுதியில் செம்பவாங் கடற்படைத் தளத் தொழிலாளரும் வேலைநிறுத்தம் செய்தனர். மூன்றிலும் இந்தியத் தொழிலாளர் கணிசமாகப் பங்கேற்றனர். அஞ்சல்காரர்களின் சட்ட ஆலோசகராகச் செயல்பட்ட இளம் வழக்கறிஞர் லீ குவான் யூ என்பதை மாணவர் அறிவர். ஜி. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசு, தமிழ்த் தொழிலாளர் நலனைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தது.

கடை ஊழியரின் நிலை தொழிற்சாலை ஊழியரின் நிலையைவிடக் கடினமானது. முதலாளி வீட்டிலேயே உண்டு, கடையிலேயே உறங்கி, விடியற்காலை முதல் இரவு வரை உழைத்தோர் பலர். அவர்களுக்கு வேலைநேரம் என்றும் ஓய்வுநேரம் என்றும் பிரிவு இல்லை. 1957இல் கடை ஊழியருக்கெனத் தனிச் சட்டமும் எழுத்தருக்கெனத் தனிச் சட்டமும் இயற்றப்பட்டன. வேலைநேரமும் ஓய்வுநாளும் சட்ட வரம்புக்குள் வந்தன. ஒரு மளிகைக்கடை ஊழியர் தம் நண்பரிடம் இன்ன நாள் சந்திப்போம் என்று முன்கூட்டியே உறுதி கூற இயன்றது இத்தகைய சட்டங்களால்தான்.

1959இல் உள்நாட்டுத் தன்னாட்சி கிட்டியது. மறுஆண்டு, அதாவது 1960இல், மே முதல் நாள் சிங்கப்பூரில் பொது விடுமுறை ஆயிற்று. சிகாகோவில் எழுந்த கோரிக்கை முக்கால் நூற்றாண்டு கழித்து நம் நாட்காட்டியில் இடம்பெற்றது. அந்நாள் பேரணிக்கு உரியதாகவும் குடும்பத்திற்கும் நண்பர்க்கும் உரியதாகவும் இருந்தது. காலையில் கூட்டம், பிற்பகலில் கடற்கரை என்று ஒரு தொழிலாளி அந்நாளைப் பகுத்துக்கொள்ளலாம். 1953இல் திறக்கப்பட்ட எலிசபெத் அரசியார் நடைபாதையும், 1955இல் திறக்கப்பட்ட வான் கிளீஃப் மீன்காட்சியகமும் அக்காலத்து நகர உலாவின் இன்றியமையா இடங்கள்.

1968: ஒரு நாளின் விலை

விடுமுறை வரலாறு பெறுவதை மட்டும் கொண்டதன்று, இழப்பதையும் கொண்டது. 1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைத்தளங்களைச் சிங்கப்பூரிலிருந்து விரைவில் விலக்கிக்கொள்ளப் போவதாக அறிவித்தது. தளங்களை நம்பியிருந்த பல்லாயிரம் வேலைகள் கேள்விக்குறி ஆயின. வெளிநாட்டு முதலீட்டை ஈர்க்கவும் உற்பத்தியைப் பெருக்கவும் அரசு அவ்வாண்டு வேலைநியமனச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வார வேலைநேரம் 44 மணி என வரையறுக்கப்பட்டது. 1957ஆம் ஆண்டுச் சட்டங்கள் இதனுள் அடங்கி நீங்கின. பொது விடுமுறைகள் 11 நாட்களாகக் குறைக்கப்பட்டன.

நீக்கப்பட்டவற்றுள் தைப்பூசமும் நபிகள் நாயகம் பிறந்தநாளும் அடங்கும். ஆங்கிலேயரின் வங்கி விடுமுறைப் பட்டியலிலிருந்து வந்த ஈஸ்டர் திங்களும் கிறிஸ்துமசுக்கு மறுநாளும் நீங்கின. இந்துக்களுக்குத் தீபாவளி நிலைத்தது. சமயப் பிரதிநிதிகளைக் கலந்தே எந்நாளை வைத்துக்கொள்வது எனத் தீர்மானிக்கப்பட்டதாக அரசு விளக்கியுள்ளது. எல்லாச் சமயத்தாரும் ஏதேனும் ஒன்றை விட்டுக்கொடுத்தனர் என்பதும் உண்மை.

ஆயினும் தைப்பூசத்தின் இழப்பைத் தமிழர் இன்றும் உணர்கின்றனர். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை காவடி எடுப்போர், ஆண்டு விடுப்பிலிருந்து ஒரு நாளைக் கழித்துக்கொண்டே நடக்கின்றனர். அண்டை நாடான மலேசியாவில் பல மாநிலங்களில் தைப்பூசம் விடுமுறையாகத் தொடர்ந்தது. 2008ஆம் ஆண்டு கோலாலம்பூரிலும் அது விடுமுறையாக அறிவிக்கப்பட்டது. ஒரே மொழி பேசும் மக்கள், ஒரே விழா. ஆனால் ஜோகூர் பாலத்தின் இருபுறமும் நாட்காட்டி வேறு. ஒரு நாள் விடுமுறையாவதும் ஆகாதிருப்பதும் அந்தந்த நாட்டின் பொருளியலும் அரசியலும் சமூக உடன்பாடும் சேர்ந்து எடுக்கும் முடிவு என்பதை மாணவர்க்கு விளக்க இதனினும் தெளிவான காட்டு வேண்டா.

இவ்வளவு நாட்களைக் குறைத்தபோதும் மே நாள் பட்டியலில் நின்றது. உழைப்பை மிகுதியாகக் கோரிய ஆண்டிலும் உழைப்போரின் நாளைக் கைவிடவில்லை. 1961இல் உருவான தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் அந்நாளைத் தன் ஆண்டு நிகழ்வுகளின் மையமாகக் கொண்டது.

உருமாறிய நகரம்

1970களிலும் 1980களிலும் நண்பர் கூடும் இடங்கள் மாறின. தொலைக்காட்சி வீடுகளுக்குள் புகுந்தது. கடைத்தொகுதிகள் குளிர்சாதனத்தோடு எழுந்தன. கிரேட் வேர்ல்டு 1978இலும் நியூ வேர்ல்டு 1987இலும் மூடப்பட்டன. இன்று அவ்விரண்டு இடங்களிலும் கடைத்தொகுதிகளே நிற்கின்றன. ஜாலான் புசாரின் பழைய பூங்காவிற்கு எஞ்சிய அடையாளம் பாதுகாக்கப்பட்ட அதன் நுழைவாயில் மட்டுமே. ஃபேரர் பார்க் மெட்ரோ நிலையத்தருகே செல்லும் ஆசிரியர்கள் மாணவரை ஒரு கணம் அங்கு நிறுத்திக் காட்டலாம்.

மறுபுறம் புதிய பொதுவிடங்கள் தோன்றின. 1971இல் ஜூரோங் பறவைப் பூங்காவும் 1973இல் விலங்குத் தோட்டமும் திறக்கப்பட்டன. படைத்தளத் தீவாக இருந்த பிளாக்காங் மாத்தி, செந்தோசா என்னும் புதுப்பெயரோடு உல்லாசத் தீவாயிற்று. கடலை மண்ணிட்டு நிரப்பிய நிலத்தில் கிழக்குக் கடற்கரைப் பூங்கா விரிந்தது. 1987இல் ஓடத் தொடங்கிய பெருவிரைவு ரயில், தீவின் எம்மூலையிலிருந்தும் நண்பரைச் சந்திக்கும் வசதியை இளையோருக்குத் தந்தது. பெண்கள் கல்வியும் வேலையும் பெற்றதால், தோழியரோடு நகருக்குச் செல்வது இயல்பாயிற்று. அவர்களின் பாட்டிமார்க்குக் கிட்டாத இவ்வுரிமை எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. கல்வியும் ஊதியமும் அதனைத் தந்தன.

இன்றைய கேள்வி

பொழுது, பொருள், போக்கு ஆகிய மூன்றும் நம்மிற் பலருக்கு இன்று வாய்த்துள்ளன. எல்லாருக்கும் வாய்த்துள்ளனவா என்னும் கேள்வியை வரலாற்று மாணவர் தவிர்த்தல் கூடாது.

இல்லப் பணிப்பெண்கள் வேலைநியமனச் சட்டத்தின் வரம்புக்குள் வருவதில்லை. அவர்களுக்கு வார ஓய்வுநாள் என்பது 2013ஆம் ஆண்டு ஜனவரியிலிருந்தே விதியாயிற்று. அதுவும் இசைவின்பேரில் ஊதியமாக ஈடுசெய்யத்தக்கதாக இருந்தது. 2023 ஜனவரியிலிருந்து மாதத்தில் ஒரு நாளையேனும் ஈடுசெய்யாது ஓய்வாகவே வழங்க வேண்டும் என்னும் விதி நடப்புக்கு வந்தது. ஈடு செய்ய இயலாத ஓய்வு என்னும் கருத்து ஆழமானது. ஊதியம் இழப்பை நிரப்பலாம்; தோழியைக் கண்டு பேசும் பொழுதை அது நிரப்பாது என்பதைச் சட்டமும் ஒப்புக்கொண்டது.

தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து நம் வீடுகளையும் ரயில் பாதைகளையும் கட்டும் ஊழியர்க்கு லிட்டில் இந்தியா வெறும் கடைவீதியன்று. ஊர்க்காரரைக் காணவும், பணம் அனுப்பவும், தம் மொழியில் உரக்கப் பேசிச் சிரிக்கவும் உரிய இடம் அது. 2013 டிசம்பர் 8ஆம் நாள் ஞாயிறு இரவு ரேஸ் கோர்ஸ் சாலையில் நேர்ந்த பேருந்து விபத்தில் தமிழ்நாட்டு ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். அதனைத் தொடர்ந்த கலவரத்திற்குப் பின் அவ்வட்டாரத்தில் மது விற்பனைக்கும் ஒன்றுகூடலுக்கும் கட்டுப்பாடுகள் வந்தன. 2020இல் கொவிட் கிருமி விடுதிகளில் பரவியபோது ஊழியர்கள் பல மாதங்கள் வெளியே செல்ல இயலாதிருந்தனர். 2021 செப்டம்பரில் சோதனை முயற்சியாக வாரத்திற்கு அதிகபட்சம் 500 பேர் லிட்டில் இந்தியா போன்ற இடங்களுக்குச் செல்ல இசைவளிக்கப்பட்டது. 2022 ஜூன் மாதம் முதல், ஞாயிறுகளிலும் பொது விடுமுறைகளிலும் நால்வகை வட்டாரங்களுக்குச் செல்ல முன்பதிவு அனுமதி தேவைப்பட்டது. அவ்வனுமதி நாளொன்றுக்கு 80,000 பேர் வரை வழங்கப்பட்டது.

நெருக்கமான விடுதிகளில் கிருமி பரவுவதைத் தடுப்பதில் அரசுக்கு இருந்த கடமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பொது நலம் கருதிய கட்டுப்பாடுகளை அக்காலத்தில் நாம் அனைவரும் ஏற்றோம். ஆனால் மற்றவர்க்கு அவை தளர்ந்த பின்னும் இவர்களுக்கு நீடித்தன. 1941இல் கிள்ளான் தோட்டத்தார் கேட்ட, உறவினரையும் நண்பரையும் தடையின்றிக் காணும் உரிமையோடு இதனை ஒப்பிடுவது எளிதன்று. காலமும் காரணமும் வேறு. எனினும் அவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் மாணவருக்கு ஒன்று புலப்படும். மூன்று தேவைகளுள் இறுதியாகக் கிட்டுவதும் முதலில் பறிபோவதும் போக்குரிமையே.

நிறைவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துக்கொள்வோம். விழா இயற்கையோடும் சமயத்தோடும் பிறந்தது. விடுமுறை கூலி உழைப்போடு பிறந்தது. இங்கிலாந்தில் அது சட்டமன்றத்தின் கொடையாக வந்தது. சிகாகோவிலும் சென்னையிலும் கிள்ளானிலும் அது கோரிக்கையாக எழுந்தது. சிங்கப்பூரில் 1960இல் மே நாள் விடுமுறை ஆனது. 1968இல் தைப்பூசம் விடுமுறையாவது நின்றது. கேளிக்கைப் பூங்காக்கள் பல இனத்தாரை ஒரே வாயிலுக்குள் கொணர்ந்து, பின்னர் மறைந்தன.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏப்ரல் மாத இறுதியில் மாணவரிடம் ஒரு சிறு பணியைக் கொடுங்கள். தம் வீட்டு முதியோரிடம் மூன்று வினாக்களை அவர்கள் கேட்டு வரட்டும். இளமையில் உங்களுக்கு எந்நாட்களில் விடுமுறை கிட்டியது? அந்நாளுக்கு ஊதியம் உண்டா? நண்பரோடு எங்குச் சென்றீர்கள், எங்குச் செல்ல இயலவில்லை? விடைகளை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். பூங்காவின் பெயரும் பேருந்தின் எண்ணும் தின்பண்டத்தின் விலையும் அப்போது வழங்கிய பேச்சுச் சொற்களும் அவற்றில் கிடைக்கும். நாளிதழ்களிலும் அரசிதழ்களிலும் கிட்டாத வரலாறு அது. சொல்ல வல்லோர் நம்மிடையே இருக்கும்போதே அதனைத் திரட்டுதல் நம் கடமை.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். வரும் மே முதல் நாளில் நண்பரோடு மகிழ்ந்து உலாவுங்கள். அதற்காகவே அந்நாள் பெறப்பட்டது. உங்களுக்கு உணவு பரிமாறுபவரும் பேருந்து ஓட்டுபவரும் கடைத்தொகுதியைத் துப்புரவு செய்பவரும் அன்றும் பணியில் இருப்பர். அவர்தம் விடுமுறை வேறொரு நாளில் வர வேண்டும். அந்நாளில் அவர்க்கும் காற்று வாங்க இடமும் கண்டு பேச நண்பரும் வாய்க்க வேண்டும்.